தேர்ச்சி 99 சதவீதம், திறன் எங்கே?

2024 மே 10 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிட்டது. பாடவாரித் தேர்ச்சியில் முதலிடம் ஆங்கிலத்துக்கு: 99.15 சதவீதம். தாய்மொழியான தமிழுக்கு 96.85 சதவீதம். ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 415 பேர். தமிழில் 8 பேர். இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டால், வீட்டில் பேசும் மொழியைவிட ஆங்கிலத்தில்தான் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று முடிவு கட்ட வேண்டும். வகுப்பறைக்குள் ஒருமுறையாவது நின்ற எந்த ஆசிரியராவது இதை நம்புவாரா? முடிவுகளை வெளியிட்ட அதிகாரிகளாவது நம்புகிறார்களா?

அவர்களும் நம்பவில்லை என்பதற்கு அரசின் நடவடிக்கையே சாட்சி. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத் தகவல்தொடர்புப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. பயிற்சி நல்லதுதான். ஆனால் ஏறத்தாழ எல்லோரும் பள்ளியில் தேறிவிட்ட ஒரு மொழியைக் கல்லூரியில் மீண்டும் சொல்லித்தர வேண்டிய நிலை ஏன் வந்தது? பள்ளியில் நடந்த தேர்வு எதைச் சோதித்தது? இந்தக் கேள்விக்குப் பள்ளிக் கல்வித் துறை இன்றுவரை நேரான பதில் சொல்லவில்லை.

பதில் வினாத்தாளிலேயே இருக்கிறது. நூறு மதிப்பெண்ணுக்கான பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒத்த சொல், எதிர்ச்சொல் வினாக்கள் பாடத்தில் வந்த சொற்களிலிருந்து. உரைநடைக் குறுவினா பாடத்திலிருந்து. செய்யுள் குறுவினா பாடத்திலிருந்து. ஐந்து மதிப்பெண் பத்தி விடைகளில் உரைநடைக்கு இரண்டு, செய்யுளுக்கு இரண்டு, அவையும் பாடத்திலிருந்து. துணைப்பாடத்துக்கு ஐந்து, பின்னர் எட்டு. மனப்பாடப் பாடலை அடிபிறழாமல் எழுதினால் இன்னொரு ஐந்து. கூட்டிப் பார்த்தால் பாதி மதிப்பெண்ணைத் தாண்டிவிடுகிறது. தேர்ச்சிக்கு வேண்டியதோ 35. ஒரு மாணவர் தாம் இதுவரை பார்த்திராத ஒரே ஒரு ஆங்கில வரியைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ளாமல் ஆங்கிலத்தில் தேறிவிடலாம். இப்படி ஒரு வழியை அரசே வகுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வழியில் நடந்து வந்தவர்களின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிப்பது கண்டிக்கத்தக்கது.

சொல்வளத்தைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். பாட வாக்கியத்தில் ஒரு சொல்லின் கீழே கோடிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மாணவருக்கு அந்த வாக்கியம் புரிய வேண்டியதில்லை. இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று நோட்ஸில் உள்ள பட்டியலை ஒப்பித்திருந்தால் போதும். அதே சொல் வேறொரு செய்தியில், வேறொரு பொருளில் வந்தால் அவருக்கு அது அந்நியச் சொல். ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தை வைத்து ஊகிப்பதே வாசிக்கும் எவருக்கும் வேண்டிய திறன். அந்தத் திறனுக்கு இந்த வினாக்களில் இடமே இல்லை.

இலக்கணத்தின் கதியும் இதுதான். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்று, நிறுத்தக்குறி இடு என்று தனித்தனி வாக்கியங்களைக் கொடுத்து மாற்றச் சொல்கிறார்கள். வாய்பாடு தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவார். ஆனால் ஒரு அறிக்கையில் எங்கே செயப்பாட்டுவினை பொருந்தும், நடந்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போது காலம் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியாது. தேர்வும் அதைக் கேட்பதில்லை. இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்த வாய்பாடு, ஒரு வேலை விண்ணப்பம் எழுத உட்காரும்போது கைகொடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமாகக் கைவிடப்பட்டது வாசிப்பு. பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியோ கவிதையோ கொடுத்துக் கேட்கும் வினாவுக்கு எட்டு மதிப்பெண். சுருக்கி எழுதும் வினாவைத் தேர்ந்தெடுத்தால் மேலும் ஐந்து. அவ்வளவுதான். அந்த எட்டையும் படிக்காமல் வாங்கும் உத்தியை வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடு; அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுது. முழு மதிப்பெண் கிடைத்துவிடும். எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதை நேராகச் சொல்லாமல் விட்டார், எது தகவல், எது கருத்து என்று கேட்கும் வினாக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் பாடம், அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓ’ஃப்ளாஹெர்ட்டி எழுதிய கடற்பறவைக் குஞ்சின் கதை. பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே நிற்கும் குஞ்சுக்கு இரையை ஊட்டிவிடாமல் கண்ணில் மட்டும் காட்டிப் பறக்கவைக்கிறது தாய்ப்பறவை. இந்தக் கதையை நடத்திவிட்டு, அதற்கான விடைகளை வாயில் ஊட்டி விழுங்கவைக்கிறது நம் தேர்வுமுறை. பாடநூல் தேர்வில் குறையில்லை. அந்தப் பாடநூலை வைத்துக் கேட்கும் கேள்விகளில்தான் குறை.

இதற்கு ஆசிரியர்களைக் குற்றம் சொல்வது எளிது, அது நியாயமாகாது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டு என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்கிறார்கள். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என்று ஆண்டு முழுவதும் அதே அமைப்பில் வினாத்தாள் வருகிறது. மெல்லக் கற்போருக்கு என்று குறைந்தபட்சப் பாடப்பொருள் கையேடு கைமாறுகிறது. இந்தச் சூழலில், பாடத்தை ஓரம் வைத்துவிட்டு மாணவர்களுக்கு ஒரு ஆங்கிலச் செய்தித்தாளைப் படித்துக்காட்ட எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். ஆகவே பொறுப்பு தேர்வை வடிவமைப்பவர்களுடையது.

வடிவமைப்பில்தான் கோளாறு, தயாரிப்பிலாவது கவனம் உண்டா என்றால் அதுவும் இல்லை. 2023 ஏப்ரலில் நடந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 4, 5, 6 ஆகிய ஒரு மதிப்பெண் வினாக்களும் 28-ஆவது வினாவும் பிழையாக இருந்ததாகப் புகார் எழுந்தது. அவற்றுக்கு ஐந்து மதிப்பெண் வழங்கி இயக்ககம் விஷயத்தை முடித்துக்கொண்டது. மாணவர் பிழை செய்தால் மதிப்பெண் போகும். வினாத்தாள் பிழை செய்தால் மதிப்பெண் வரும். இரண்டிலும் கற்றல் எங்கே இருக்கிறது? தேர்வறையில் அந்த வினாக்களோடு மல்லுக்கட்டி நேரத்தை இழந்த பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் ஈடாகாது. பிழை எப்படி நேர்ந்தது, எத்தனை பேர் அந்தத் தாளைச் சரிபார்த்தார்கள் என்று பெற்றோருக்கு விளக்கமாகச் சொல்வதுதான் பொறுப்பான செயல்.

மத்திய வாரியம் மட்டும் ஒழுங்கா என்று கேட்பார்கள். 2021 டிசம்பர் 11 அன்று சிபிஎஸ்இ நடத்திய பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், பெண் விடுதலையால் பிள்ளைகள் மீது பெற்றோருக்கு இருந்த அதிகாரம் போய்விட்டது என்ற கருத்தைச் சொல்லும் பத்தியை வாசிப்புப் பகுதியாகக் கொடுத்திருந்தார்கள். மக்களவையில் சோனியா காந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். இரண்டு நாளில் பத்தியை நீக்கி, அதற்குரிய மதிப்பெண்ணை எல்லோருக்கும் வழங்கியது வாரியம். வாசிப்புப் பத்தியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் படித்துப் பார்க்கிறார்கள் என்ற கவனம் எங்கும் தேவை என்பதற்கு அது பாடம். ஆனால் அதே சிபிஎஸ்இயின் 80 மதிப்பெண் தாளில் 20 மதிப்பெண் பாடநூலுக்கு வெளியே உள்ள வாசிப்புக்கு. கேட்டலும் பேசுதலும் பள்ளி அளவில் மதிப்பிடப்படுகின்றன. நம் மூன்று மணி நேரத் தேர்விலோ ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச முடியுமா என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

நாடு முழுவதற்குமான நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2023-இல் நடத்தப்பட்ட ஏசர் ஆய்வு 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களைத் தொட்டது, தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர். எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் மொத்தத்தில் 57.3 சதவீதம். வாசித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. இது தமிழ்நாட்டின் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 99 சதவீதத்தைப் பார்த்துப் பூரிப்பவர்கள், அதே போன்ற எளிய வாசிப்புச் சோதனையை நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி முடிவை வெளியிடத் தயாரா?

இனி, வழக்கமான சமாதானத்துக்கு வருவோம். ‘கிராமத்துப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்கள், தேர்வை மாற்றினால் அவர்கள்தான் தோற்பார்கள்’ என்கிறார்கள். கேட்பதற்குக் கருணையாக இருக்கிறது. உள்ளே இருப்பது அநீதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியில் கற்காத ஆங்கிலத்தை வீட்டிலும் தனிப்பயிற்சியிலும் கற்றுக்கொள்ளும். அந்த வழி இல்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே கதி. அந்தப் பிள்ளையிடம் 80 மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்து, உனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அரசு சொல்கிறது. பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது, வேலைக்கான நேர்காணலில் வாய் திறக்கும்போது, அந்தச் சான்றிதழ் பொய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. அப்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. ‘எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை’ என்று பழியையும் அந்தப் பிள்ளையே சுமந்துகொள்கிறது.

மேலும், திறனைச் சோதித்தால் தேர்வு கடினமாகிவிடும் என்பதே தவறான கணக்கு. ஒரு பேருந்துக் கால அட்டவணை, மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பு, வங்கியின் அறிவிப்பு, ஒரு சின்னக் கதை ஆகியவற்றைப் படித்து விடை சொல்வது, புரியாத பத்து விடைகளை நெட்டுருப் போடுவதைவிட எளிது. எளிய பத்தியில் தொடங்கிக் கடினமான பத்தியில் முடியும்படி வினாத்தாளை அமைத்தால், மெல்லக் கற்கும் பிள்ளையும் தன் உழைப்பில் 35-ஐத் தாண்டும்.

1968 முதல் இருமொழிக் கொள்கையே நம் வழி என்று தமிழ்நாடு உறுதியாக நிற்கிறது. அந்த உறுதிக்கு நாமும் துணை நிற்கிறோம். உலகோடு பேச ஆங்கிலம் போதும் என்று சொல்லும் மாநிலம், அந்த ஆங்கிலத்தைத் தன் பிள்ளைகள் உண்மையாகவே கற்கிறார்களா என்று பார்க்கும் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. 2019-20 கல்வியாண்டில் இரண்டு ஆங்கிலத் தாள்கள் ஒன்றாக்கப்பட்டபோது மாற்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சுமை குறைந்தது, கேள்விகளின் குணம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது; பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வே கைவிடப்பட்டது. ஒரு பொதுத்தேர்வையே எடுத்துவிட முடிந்த அரசுக்கு ஒரு வினாத்தாளைத் திருத்த முடியாதா?

நாம் கேட்பவை இவை. பாடநூலுக்கு வெளியிலிருந்து வரும் வாசிப்புக்கும் அதையொட்டிய எழுத்துக்கும் குறைந்தது பாதி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். சொல்லும் இலக்கணமும் புதிய பத்திக்குள் வைத்துக் கேட்கப்பட வேண்டும். மனப்பாடப் பாடலைப் பொதுத்தேர்விலிருந்து எடுத்து வகுப்பறையிலேயே வாய்மொழியாகக் கேட்கலாம். கேட்டலுக்கும் பேசுதலுக்கும் பள்ளி அளவில் மதிப்பீடு வேண்டும். அந்த மதிப்பெண்ணை அள்ளிப் போடாதபடி வெளியாசிரியர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் விடைக்கு, நோட்ஸ் விடையைவிட மதிப்பெண் குறையாதபடி விடைக்குறிப்பு திருத்தப்பட வேண்டும். வினாத்தாளில் பிழை நேர்ந்தால் மதிப்பெண்ணோடு பொது விளக்கமும் தர வேண்டும்.

இவற்றை ஒரே இரவில் பத்தாம் வகுப்பின் தலையில் இறக்கக் கூடாது. முதல் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கட்டும். கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே மாதிரி வினாத்தாள்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரட்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அதற்கும் முன்பே நடக்கட்டும். அந்த ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் சற்று இறங்கினால் ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்பதில்லை என்று துறை எழுத்தில் உறுதி தரட்டும்.

தேர்ச்சி விகிதம் குறையலாம். 415 என்பது 40 ஆகலாம். அந்த எண்கள் உண்மையாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்பது திருத்தக்கூடிய குறை. தெரியும் என்று அரசு முத்திரை குத்தி அனுப்புவது ஏமாற்று. பள்ளிக் கல்வித் துறை இந்த ஏமாற்றை நிறுத்தட்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் புதிய வினாத்தாள் அமைப்பை அறிவிக்கட்டும்.