பாசிப் பிண்ணாக்கு!



எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை யாராவது குப்பையில் கொட்டுவார்களா? மாட்டுக்கு வைப்போம். அதே கணக்கைப் பாசிக்கும் போட வேண்டும் என்பது என் கருத்து.

'நானோகுளோராப்சிஸ்' என்று ஒரு நுண்பாசி. கடல்நீரிலேயே வளரும். இதிலிருந்து ஒமேகா-3 எண்ணெய் எடுக்கிறார்கள். எடுத்த பின் மிஞ்சும் சக்கையில் புரதம் நிறைய இருக்கிறது. வளர்ப்பு மீனுக்கு வேண்டியதும் புரதம்தானே!

"அதான் சோயா பிண்ணாக்கு இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் நிலம். உலகில் விளையும் சோயாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு கோழி, பன்றி, மாடு, மீன் என்று தீவனத்துக்கே போகிறது. இதற்காகப் பிரேசிலில் 'செராடோ' என்ற புல்வெளிக் காட்டை அழித்திருக்கிறார்கள். பாசிக்கோ விளைநிலமே வேண்டாம். தரிசும் உப்புத் தண்ணீரும் போதும்.

அடுத்து தண்ணீர். சோயாவில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி 'பைட்டேட்' வடிவில் இருக்கிறது. மீனால் அதைச் செரிக்க முடியாது. கழிவாக வெளியேறிக் குளத்தைக் கெடுக்கும்.

கடைசியாக விலை. 2021-ல் நம் நாட்டில் சோயா பிண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறியது. ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி தர வேண்டியதாயிற்று. ஒரே பொருளை நம்பினால் இதுதான் கதி!

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பல்லப் சர்க்கார் குழுவினர் இந்தச் சக்கையோடு இன்னொரு கடல் நுண்ணுயிரையும் கலந்து திலாப்பியா மீனுக்குக் கொடுத்தார்கள். மீன்தூளும் மீன் எண்ணெயும் துளிகூட இல்லை. ஆனாலும் வழக்கமான தீவனம் தின்ற மீன்களைவிட நன்றாகவே வளர்ந்தன என்று 2020-ல் அறிவித்தார்கள். மீன்தூளின் இடத்தையே பிடித்தது, சோயாவின் இடத்தைப் பிடிக்காதா?

சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தப் பாசியின் செல்சுவர் கெட்டி, லேசில் செரிக்காது. எண்ணெய் எடுக்கும் தொழில் வளர்ந்தால்தான் சக்கையும் மலிவாகக் கிடைக்கும். அதனால்தான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்ததும் டாக்டர், இன்ஜினியர் என்று மட்டும் ஓடாமல், நம்மில் நாலு பேராவது அந்தப் பக்கம் போகலாமே!

சக்கைதானே என்று எறிவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்போம்!

– 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி