பி.பி. நூத்தம்பது, சிக்கரி வேண்டாம்

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ போடுகிறேன் என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "சீன் போடாதடா." சரி, சொல்லிட்டீங்க. நாலு மாசமா கிளாஸ் குரூப்பில் என் பேரே 'இத்தாலி'தான். கிண்டல் பண்ண வேண்டியதை எல்லாம் இந்தப் பாராவுக்குள்ளேயே பண்ணி முடிச்சுட்டு அடுத்த பாராவுக்கு வாங்க. விஷயம் மிஷினைப் பற்றியது இல்லை, கொட்டையைப் பற்றியது.

இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் செகண்ட் ஹேண்ட் மிஷின் ஒன்றும், கையால் சுற்றுகிற கிரைண்டர் ஒன்றும் வாங்கினேன். அடுத்து கொட்டை. நம்ம தலைமுறை வழக்கப்படி போனை எடுத்தேன், ஆர்டர் போட்டேன். 250 கிராம், 620 ரூபாய். பாக்கெட் அவ்வளவு அழகு. புளூபெர்ரி, டார்க் சாக்லேட், மல்லிகை வாசனை எல்லாம் வரும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. புளூபெர்ரியை நான் ஐஸ்கிரீம் டப்பா படத்தில்தான் பார்த்திருக்கேன். மல்லிகை தெரியும். மதுரை மல்லி என்று ஊர் உலகம் கொண்டாடுகிற பூவில் நம்ம மாவட்டத்துத் தோட்டத்துப் பூவும் சேர்த்தி. கப்பை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வைத்துத் தேடினேன். ஒரு மொட்டு கூட இல்லை.

வந்தது புளிப்பான, தண்ணியான ஏதோ ஒன்று. மேலே நுரையே கிடையாது. அப்பத்தாவிடம் ஒரு வாய் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துவிட்டு, "இது எம்புட்டுய்யா?" என்று கேட்டது. சொன்னேன். "உங்கப்பன் மில்லுல ஒரு ஷிப்டு நின்னா வர்ற காசு" என்றது. கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னது. அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

ரெண்டு வாரம் மிஷினைத்தான் திட்டினேன். இன்னும் நைசாக அரைத்தேன், இன்னும் அழுத்தி அடைத்தேன். எஸ்பிரெஸ்ஸோ கணக்கு சுருக்கமாக இதுதான்: 18 கிராம் தூள், சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர், 25 முதல் 30 செகண்டில் 36 கிராம் காபி இறங்கணும். கார் டயரில் இருப்பது ரெண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே, அதை வைத்து 9 பாரை யோசித்துப் பாருங்க. எனக்கு 12 செகண்டில் எல்லாம் ஓடிப்போனது. அப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பி ஒழுங்காகப் படித்தேன். பேக் பண்ணின மாசம் இருந்தது, வறுத்த தேதி இல்லை.

அந்தத் தேதியில்தான் பாதி விஷயம் இருக்கு. வறுக்கும்போது கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு உருவாகி அடைபட்டுக் கிடக்கும். நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அழுத்தத்தில் வெந்நீர் உள்ளே போகும்போது மிச்சமிருக்கிற அந்த வாயுதான் எண்ணெயோடு சேர்ந்து பொன்னிற நுரையாக மேலே நிற்கும். கிரீமா என்பது அதுதான். வாயு போன பழைய கொட்டையில் நுரையும் வராது, தண்ணிக்கு எதிர்ப்பும் குறைந்துவிடும், விர்ரென்று ஓடும். அன்னைக்கே வறுத்ததும் ஆகாது, வாயு அதிகமாகி அங்கங்கே பீறிக்கொண்டு வரும். வறுத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி மூணு நாலு வாரத்துக்குள் குடித்து முடிப்பது உத்தமம். ஃபில்டர் காபியில் இது அவ்வளவாகத் தெரியாது. தண்ணி தானாக இறங்குகிறது, பாலும் சீனியும் சிக்கரியும் சேர்ந்து எந்தக் குறையையும் மூடிவிடும். எஸ்பிரெஸ்ஸோவில் ஒளிய இடமே இல்லை.

(இடையில் ஒரு முட்டாள்தனம். கோபத்தில் அடுக்களை டப்பாவில் இருந்த ஃபில்டர் தூளை மிஷினில் போட்டேன். முக்கி முனகி நாலு சொட்டு விட்டு நின்றுவிட்டது. சிக்கரி என்பது காபிக் கொட்டையே இல்லை, ஒரு செடியின் வேர். வெந்நீர் பட்டதும் ஊறிக் களியாகி வழியை அடைத்துவிடும். அந்தச் சல்லடையைக் குண்டூசியால் ஒரு மணி நேரம் குத்தினேன்.)

அப்பத்தாதான் திருப்பத்தைக் கொடுத்தது. தாத்தா விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். திருச்சுழியில் இருந்து பஸ் ஏறிப் போய் வருவார். "அவுக தூளு வாங்க மாட்டாக. கொட்டையாத்தான் கொண்டாருவாக. பி.பி. கொஞ்சம், ரொபஸ்டா கொஞ்சம்" என்றது. பி.பி.யா? நம்ம அப்பத்தா வாயில் பீபெரியா?

அப்புறம் தேடினால், அது இத்தனை வருஷமும் என் கண் முன்னாடியே இருந்திருக்கு. பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று ஒன்று வரும் இல்லையா? கடலை எண்ணெய், நல்லெண்ணெய், உளுந்து, துவரை, வத்தல், மல்லி என்று போய், வடை மடிக்கிற பக்கம் என்று நாம் தள்ளிவிடுகிற அந்தப் பத்தி. அதில் பிளாண்டேஷன் பி.பி., பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா பி.பி. என்று காபிக் கொட்டைக்கும் விலை போடுவார்கள். நம்ம கரிசல் பக்கம் ஒரு காபிச் செடி கிடையாது. வேலிக்காத்தான் தவிர வேறு எதுவும் தானாக முளைக்காத பூமி. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் மலைச்சரக்குக்கெல்லாம் விலை சொல்லும் சந்தை. நான் புளூபெர்ரியைத் தேடி கூரியருக்குக் காத்துக் கிடந்தேன்.

அந்தப் பேர்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன், கடையில் உதவும். பிளாண்டேஷன் என்றால் ஏதோ எஸ்டேட் பேர் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. பழத்தின் தோலை உரித்து, தண்ணியில் கழுவிக் காயவைத்த அராபிகாவுக்கு அந்தப் பேர். பழத்தை அப்படியே வெயிலில் காயப்போட்டு அப்புறம் உடைத்தால் 'செர்ரி'. பழத்துக்குள் வழக்கமாக ரெண்டு கொட்டை முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும், அதனால்தான் ஒரு பக்கம் தட்டை. சில பழத்தில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுதான் பீபெரி, பி.பி. 'ஏ' என்பது முதல் ரேங்க் என்று நினைக்காதீங்க. 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற அளவு, அவ்வளவுதான். 'பி' என்றால் 6 மில்லிமீட்டர். அளவுக்கும் ருசிக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

ஏன் அளவை வைத்தே பேர் என்றால், அதற்கு ஒரு கதை உண்டு. 1942 சட்டத்துக்குப் பிறகு தோட்டக்காரர் தன் காபியைத் தானே விற்க முடியாது. காபி வாரியத்தின் பொதுக் குவியலில் கொடுக்கணும். வாரியம் தரம் பிரித்து ஏலம் விடும். தாண்டிக்குடிக் கொட்டையும் குடகுக் கொட்டையும் குவியலில் ஒன்றாகிவிட்ட பிறகு தோட்டத்தின் பேர் எங்கே நிற்கும்? சல்லடை அளவுதான் மிஞ்சும். 1992ல் தளர ஆரம்பித்து 1996ல்தான் முழுசாக விட்டார்கள். இப்போது ஆன்லைன் பாக்கெட்டில் எஸ்டேட் பேரைப் பெரிசாகப் போடுகிறார்களே, அது அதற்குப் பிறகு வந்த சுதந்திரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஆரஞ்சு, மிளகு நடுவில் காபி போடுகிறவருக்குத் தன் பேரில் விற்க வழி வந்தது நல்லதுதான்.

ஆனால் '100% அராபிகா' என்று நெஞ்சை நிமிர்த்துவதை மட்டும் நான் ஏற்கவில்லை. ரொபஸ்டா என்றால் மட்டம் என்று எவனோ சொல்லி நாமும் நம்பிவிட்டோம். ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, கசப்பு தூக்கல், உண்மை. ஆனால் நுரை கெட்டியாக நிற்பதும் அதில்தான். இத்தாலிக்காரர்களின் பழைய பாணி எஸ்பிரெஸ்ஸோ கலவைகள் பலவற்றில் ரொபஸ்டா உண்டு. இந்தியக் காபியை அதிகமாக வாங்குகிற நாடுகளில் இத்தாலி முன்வரிசை. அங்கே போய் எஸ்பிரெஸ்ஸோ ஆகிற அதே சரக்கை நாம் "தரம் பத்தாது" என்கிறோம். அப்பத்தா சொன்ன பி.பி.யும் ரொபஸ்டாவும் கலந்த சரக்கு இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான் அவர்களுடைய கலவையும்.

சரி, நம்ம ஊர்க் காபித்தூள் கடைக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே வாசனை ஆளைத் தூக்கும். "பி.பி. நூத்தம்பது, ரொபஸ்டா அம்பது. சிக்கரி வேண்டாம்ணே. அரைக்காமக் கொட்டையாவே குடுங்க" என்றேன். அண்ணன் கைமெஷினை நிறுத்தாமலே ஒரு பார்வை பார்த்தார். "வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா தம்பி?" என்றார். சிக்கரி இல்லாமல் வாங்குவது அவர் கணக்கில் பத்தியம். "எப்ப வறுத்ததுண்ணே?" என்று கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை யாரும் கேட்டதே இல்லையே" என்றார். முன்னாடி தினமும் வறுப்பாராம். இப்போது வாரம் ரெண்டு நாள். வயசானவர்கள்தான் தூள் வாங்க வருகிறார்கள், பிள்ளைகள் எல்லாம் பத்து ரூபாய் இன்ஸ்டன்ட் பாக்கெட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தன். ஹாஸ்டல் ரூமில் இருக்கும்போது ஒரு சரத்தையே தொங்கவிட்டிருந்தேன்.

என் கருத்து இதுதான். எஸ்பிரெஸ்ஸோவுக்கு நல்ல கொட்டை வேண்டும் என்றால் முதலில் தேட வேண்டியது உங்கள் ஊரில் வறுக்கிற கடையை. அங்கே போய் எப்போது வறுத்தது, சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேளுங்க. ரெண்டாவது கேள்விக்குச் சட்டமே உங்கள் பக்கம். கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கணும், எது எவ்வளவு என்று பாக்கெட்டில் போடணும். முதல் கேள்விக்குச் சட்டம் எதுவும் வேண்டாம், கேட்கிற ஆள் இருந்தால் போதும். ஆன்லைன்காரர்களில் ஒழுங்கானவர்கள் வறுத்த தேதியை அச்சடித்தே அனுப்புகிறார்கள், அந்த ஒரு பழக்கம் நம்ம கடைக்கும் வரணும். அவர்கள் ஜெயிப்பது புளூபெர்ரியால் இல்லை, தேதியால்.

நம்ம கடைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் நான் வரவில்லை. வறுவல் பெரும்பாலும் கறுப்பு, பால் காபிக்கு அதுதான் சரி என்பதால். "கொஞ்சம் இளசா வறுங்கண்ணே" என்று சொன்னால்தான் நடுத்தரத்தில் இறக்குவார்கள். கடை மெஷினில் அரைக்கவும் சொல்லாதீங்க. முந்தின ஆளின் சிக்கரி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், போதாததற்கு தூளாகிவிட்டால் ருசி போவது நாள் கணக்கில்கூட இல்லை, மணிக்கணக்கில். விலை? 2024, 25ல் உலகம் முழுக்கக் காபி ஏறின ஏற்றத்தில் இங்கேயும் மலிவு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நான் கொடுத்தது அந்த 620ல் பாதிக்கும் கீழே, எடையிலோ அம்பது கிராம்தான் குறைவு.

நம்ம ஊருக்கென்று ரெண்டு தொல்லை உண்டு. ஒன்று வெயில். சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் வைத்த கொட்டை சீக்கிரம் போய்விடும். இருநூறு கிராமுக்கு மேல் வாங்காதீங்க, இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுப்புக்குத் தள்ளி வைங்க. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் ஈரம் கோக்கும். இன்னொன்று தண்ணி. போர் தண்ணியின் உப்பு மிஷினுக்குள் சுண்ணாம்பாகப் படியும், ருசியும் மழுங்கும். எங்க வீட்டு போர் தண்ணியில் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன், நாலு இலக்கம் காட்டியது. கேன் தண்ணி மட்டும் ஊற்றினால் சப்பென்று இருக்கு. குழாயில் நல்ல தண்ணி வருகிற அன்னைக்கு ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அதுதான் இதுவரைக்கும் தோதாக இருக்கு. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கடையில் வாங்கியதை எட்டு நாள் பூட்டி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் அரைத்து, அடைத்து, ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் போயிருச்சு. அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சாயந்தரம் மறுபடி போட்டேன், 27 செகண்ட். வேர்க்கடலைத் தோல் நிறத்தில் நுரை. கொஞ்சம் கசப்பு, அடியில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. புளூபெர்ரி இல்லை, மல்லிகையும் இல்லை. கருப்பட்டி எனக்குத் தெரிந்த ருசி. அப்பத்தா அதில் பால் கேட்டது, சீனி ரெண்டு ஸ்பூன் கேட்டது, குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போட்டது. விலை கேட்கவில்லை.

போன வாரம் நாலாவது தடவையாகக் கடைக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்னாடியே அண்ணன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பழுப்புக் கவர் மேல் தேதி போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா ஒருத்தர், "அது என்ன தேதி? எனக்கும் போடுங்க" என்றார்.