கொதிக்க வைத்தால் உப்பு போகுமா?

"தண்ணி உப்பா இருக்கா? கொதிக்க வச்சுக் குடிங்க" என்று சொல்லும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. கொதித்தால் கிருமி சாகும். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை சட்டியில் வெள்ளையாகப் படியும். குளோரைடும் சல்பேட்டும் அப்படியேதான் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும்!

சாகுபுரம், ஆறுமுகநேரி பக்கம் உப்பளமும் கடலும்தான் அக்கம்பக்கம். இங்கே போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோப்பைக் கேளுங்கள், சொல்லும்.

கடினநீர் குடித்தால் செத்துவிடுவோம் என்று பயமுறுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனமே அதற்கு உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 600 வரை.

வேறு ஆதாரமே இல்லையா? பக்கத்துப் புன்னைக்காயலில்தானே தாமிரபரணி கடலில் கலக்கிறது! ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்கென்று தினம் 2 கோடி காலன் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, வீட்டுக் குழாய் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

"ஆர்.ஓ. மெஷின் வாங்கிக்கோ" என்பது பதிலே இல்லை. அது ஒரு குடம் தர இன்னொரு குடத்தைச் சாக்கடையில் விடும். காசில்லாதவன் என்ன செய்வான்?

முதலில் குழாய்த் தண்ணீரின் சோதனை முடிவை மாதாமாதம் ஊர்ப் பலகையில் எழுதிப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.