அறிவிப்புப் பலகை இல்லாத நிலையாணைகள்

ஹைதராபாத்தின் மேற்கே உள்ள கச்சிபௌலியில் மைக்ரோசாஃப்ட், இன்ஃபோசிஸ், விப்ரோ வளாகங்கள் வரிசையாக நிற்கின்றன. அருகிலுள்ள நானக்ராம்குடாவில் 2019இல் அமேசான் தனது மாபெரும் வளாகத்தைத் திறந்தது. இந்த வளாகங்களின் வாயில்களில் மதிய வேளையில் உணவுப் பொட்டலங்களுடன் வந்த இளைஞர்கள் வண்டியில் சாய்ந்தபடி கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பவர் மென்பொருளை எழுதிப் பிழைக்கிறார். வெளியே நிற்பவர் மென்பொருள் சொல்வதைச் செய்து பிழைக்கிறார்.

செயலி பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. சமைப்பவர், கொண்டு செல்பவர், காத்திருப்பவர் ஆகிய மூவரையும் நொடியில் இணைக்கும் ஆற்றல் சமூக உழைப்பின் சாதனையே. ஆனால் வணிக நிறுவனம் அதை வடிவமைக்கும்போது செயலி ஒன்றாக இருப்பதில்லை, மூன்றாகிறது. வாடிக்கையாளர் பார்ப்பது வரைபடத்தில் ஊர்ந்து வரும் சிறு வண்டியை. உணவக உரிமையாளர் பார்ப்பது கமிஷன் கழித்த கணக்கை. தொழிலாளி பார்ப்பதோ, ஆர்டரை ஏற்பதற்கான சில நொடிகளையும், எட்ட எட்டத் தள்ளிப்போகும் இன்சென்டிவ் இலக்கையும், முகமறியாதவர் போட்ட நட்சத்திரங்களையும். மதிப்பெண் சரிந்தாலோ புகார் வந்தாலோ ‘ஐடி பிளாக்’. காலையில் செயலி திறக்கவில்லை என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். ஏன் என்று கேட்பதற்கு எதிரே மேலாளர் என ஒரு மனிதர் இருப்பதில்லை.

கொரோனா பரவிய 2020இல் சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓர் ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்பது அவர்களது குற்றச்சாட்டு. ஆலையில் கூலி முறையை மாற்ற வேண்டுமானால், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி முதலாளி 21 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டியிருந்தது. செயலியிலோ ஓர் அப்டேட் போதும்.

1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கான விதிகளை முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும். அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்று அது சொன்னது. முதலாளிகள் மனமுவந்து கொடுத்த சட்டமல்ல அது. செயலி நிறுவனங்களிடமும் நிலையாணைகள் உண்டு. அவை நிரல்வரிகளாக உள்ளன, சான்றளிக்கும் அதிகாரி இல்லை, பலகையும் இல்லை. தொழிலாளி அவற்றைத் தண்டனை விழும்போதுதான் தெரிந்துகொள்கிறார்.

“நாங்கள் வெறும் தொழில்நுட்ப இடைத்தரகர், அவர்கள் எங்கள் பங்காளிகள்” என்பது நிறுவனங்களின் வாதம். இந்த வாதத்தைச் செயலியின் வடிவமைப்பே உடைக்கிறது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று அறிவித்தபோது எடுத்துக்காட்டியவை எவை? கட்டணத்தையும் ஒப்பந்த விதிகளையும் ஊபரே தீர்மானிக்கிறது; சவாரிகளை மறுக்கும் ஓட்டுநரைக் கண்காணித்துத் தண்டிக்கிறது; நட்சத்திர மதிப்பீட்டைக் கொண்டு வேலையைக் கட்டுப்படுத்துகிறது; பயணியுடன் ஓட்டுநர் நேரடித் தொடர்பு வளர்த்துக்கொள்ள விடுவதில்லை. இவை அனைத்தும் செயலிக்குள் இருப்பவை. கச்சிபௌலியில் ஓடும் செயலிகளில் இவற்றுள் எது இல்லை?

ஆனால் இந்தியாவில் சட்டம் எதிர்த்திசையில் எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் மோடி அரசு நடைமுறைப்படுத்திய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, ‘கிக்’ தொழிலாளரை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கொடுத்தால் போதும்; அதுவும் தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதாம். நிதி ஆயோக்கின் மதிப்பீட்டில் 2020-21இல் இத்தொழிலாளர்கள் 77 லட்சம் பேர், 2029-30இல் 2.35 கோடியாவார்கள். இத்தனை பேரைத் தொழிலாளர் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளிருந்து நீட்டுவதற்குப் பெயர் சமூகப் பாதுகாப்பு!

மாநிலங்களில் கொஞ்சம் அசைவு உண்டு. 2023இல் ராஜஸ்தான் முதல் சட்டத்தை இயற்றியது. 2025ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம், வேலையிலிருந்து நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் வேண்டும் என்கிறது. தானியங்கி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஹைதராபாத்தில் ரேவந்த் ரெட்டி 2023 டிசம்பரில் 5 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டை அறிவித்தார்; வரைவு மசோதா வெளிவர 2025 ஏப்ரல் ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த வேலைநிறுத்தத்தில் தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் முன்னணியில் நின்றது. அடுத்த மாதமே, மத்திய அமைச்சர் தலையிட்டபின், பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து ‘10 நிமிட’ வாக்குறுதியை எடுத்தது. விளம்பர வாசகம் போனது. விதி எழுதும் கை மாறவில்லை.

கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஆகஸ்டில் ‘கேரள சவாரி’யைத் தொடங்கி, 8 சதவீதக் கட்டணத்தில் டாக்சிச் செயலியைப் பொதுத்துறையால் நடத்த முடியும் என்று காட்டியது. சலுகைகளை வாரியிறைக்கும் மூலதனத்துடன் போட்டியிட்ட அது தொடக்கத்தில் தடுமாறியதும் உண்மை. பொதுச் செயலி மட்டும் போதாது, தனியார் செயலிக்குக் கடிவாளமும் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் அமைந்தது. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறையும் திறக்கப்பட்டது. வெயிலில் நிற்பவருக்கு ஓய்வறை தேவைதான். ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கும்போது ஐடி பிளாக் ஆனால் நலவாரியம் என்ன செய்யும்? கூலிக் கணக்கீடு, மதிப்பெண், பணிநீக்கம் பற்றிய செயலி விதிகளைத் தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்து சான்று பெறவும், அவற்றைத் தொழிலாளியின் திரையில் தமிழில் காட்டவும், விசாரணையின்றி ஐடியை முடக்குவதைத் தடுக்கவும் மாநிலச் சட்டம் தேவை. நலவாரியப் பதிவு முகாம்களுக்குச் செல்லும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளையும் படிவங்களோடு எடுத்துச் செல்ல வேண்டும்.