தாத்தா சைக்கிள் ரிம்மும் 29 இஞ்ச் மோகமும்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் தார் ரோட்டுக்கு எந்தச் சக்கரமும் ஓடும். நான் சொல்ல வந்தது நம் ஊர்ப் பிள்ளைகள் வாங்கும் மலை சைக்கிளைப் பற்றி. கீழே எந்தக் கடையில் நுழைந்தாலும் "29 எடுங்க சார், மலைக்கு அதுதான்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் இந்த எண்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 26க்கு 559 மி.மீ., 27.5க்கு 584, 29க்கு 622. பெயரைப் பார்த்தால் 27.5 நட்டநடுவில் நிற்பது போல இருக்கும். அளந்தால் அது 26க்குப் பங்காளி, 29க்குத் தூரத்து உறவு. அந்த 622ம் புதுச் சரக்கல்ல. ரேஸ் சைக்கிளில் 700சி என்று ஓடும் அதே அளவுதான். சரி, நம் தாத்தா கேரியரில் நெல் மூட்டை ஏற்றி மிதித்த 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள்? அதற்கு 635! 29ஐவிடப் பெரிய ரிம். டயர் தடிமனைச் சேர்த்தால்தான் 29 உயரத்தில் ஜெயிக்கிறது.

பெரிய சக்கரத்தால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். மாட்டு வண்டிக்கு நெஞ்சளவு சக்கரம் வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்களா? பள்ளத்தில் இறங்காது, கல்லில் முட்டாமல் ஏறும். ஆனால் எவ்வளவு வித்தியாசம்? பேப்பரும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்து செ.மீ. உயரக் கல்லை 26 சுமார் 45½ டிகிரியில் முட்டுகிறது, 29 சுமார் 43½ டிகிரியில். இரண்டே டிகிரி! வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் பழைய கல்பாதை மாதிரியான இடத்தில் கல்லுக்குக் கல் அது சேரும்தான். ஆனால் டயரை இரண்டு நூல் அகலமாக்கிக் கொஞ்சம் காற்றை இறக்கினால் கிடைக்கும் சுகத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை.

அதற்கு விலையும் உண்டு. ஒரே பல்சக்கரம் என்றால், ஒரு மிதிக்கு 29 சுமார் ஒன்பது சதவீதம் அதிக தூரம் போகும். சமதளத்தில் லாபம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும்போது அதே ஒன்பது சதவீதம் தொடையில் உட்காரும். சின்ன கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இறக்கத்திலும் அப்படியே: அதே டிஸ்க்குக்குப் பெரிய சக்கரத்தை நிறுத்தக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்.

பந்தயத்தில் எல்லாரும் 29தானே என்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29 ஓட்டிய செக் வீரர் குல்ஹாவி தங்கம் வாங்கினார், 27.5 ஓட்டிய சுவிஸ்காரர் ஷூர்ட்டர் பின்னால் வந்தது ஒரே ஒரு நொடியில். அந்த ஷூர்ட்டரே 2016 ரியோவில் 29க்கு மாறித் தங்கம் வென்றார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமில்லை. ஆனால் அவர்கள் ஓட்டும் சைக்கிளின் எடையும் கியரும் வேறு உலகம். முப்பதாயிரம் ரூபாய் 29க்கு அந்தப் பவிசு வராது.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் தெருப் பையன். பத்தாம் வகுப்பு, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. அம்மா கேரட் கழுவும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். கடையில் அவனை ஒரு 29ல் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு காலையும் ஊன்றினால் பார் இடிக்கிறதாம். "வளர்ற பையன்தானே" என்று பதில். கொண்டை ஊசி வளைவில் லாரியைப் பார்த்து சட்டென்று கால் ஊன்ற வேண்டியவனுக்கு இதுவா பதில்?

அவன் அம்மா என்னிடம் கேட்டார். சின்ன பிரேமில் 27.5, இல்லை நல்ல பழைய 26. பார் இடிக்கக் கூடாது, பின் சக்கரத்தில் பெரிய பல் இருக்க வேண்டும், பிரேக் இரண்டும் புதிது. மிச்சப் பணத்தில் ஹெல்மெட். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறார்கள், டேப்போடு நானும் போகிறேன்.