குணமான பிறகும் இருமல்

தில்லி, லக்னோ, பாட்னா. எந்த ஊராக இருந்தாலும் சரி, மூடுபனி மாதங்களில் அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவு முன்பு காலை எட்டு மணிக்கு நிற்கும் வரிசையில் ஒரு பொருள் தவறாமல் கண்ணில் படும். பிளாஸ்டிக் பை. அதற்குள் பத்து வருடத்து எக்ஸ்ரேக்கள், மடித்து மடித்துக் கிழிந்த சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். எந்த டாக்டர் கேட்டாலும் அந்தப் பைக்காரர் தன்னை அறிமுகம் செய்துகொள்வது ஒரே விதத்தில்தான்: “எனக்குப் பழைய டி.பி., டாக்டர் சாஹப்.”

டி.பி. எப்போதோ போய்விட்டது. ஆறு மாத மாத்திரையை ஒழுங்காக விழுங்கியாகிவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் அவர் குணமானவர். ஆனால் இருமல் மட்டும் குணமாகவில்லை. தினமும் காலையில் அரை டம்ளர் சளி. வருடத்துக்கு மூன்று, நான்கு முறை காய்ச்சல், மூச்சு வாங்கல், பச்சை நிறத்தில் கபம். சில சமயம் ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ப்ராங்கியெக்டேஸிஸ் என்று பெயர். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு டாக்டர் லேனெக் 1819லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். தமிழில் ‘மூச்சுக்குழாய் விரிவு’ என்கிறார்கள் பாடநூல் எழுதுகிறவர்கள். வியாதி உள்ள எவரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க முடியாது. இந்தி பேசும் மாநிலங்களில் மூச்சு வாங்கினால் ‘தமா’. அதற்கு மேல் சொல் இல்லை. பெயரே இல்லாத நோய்க்கு வைத்தியம் கேட்பது கஷ்டம். எனவே நோயாளி தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்கிறார். டாக்டரும் பல நேரம் அதையே எழுதிக்கொள்கிறார்.

உள்ளே நடப்பது இதுதான். ஆரோக்கியமான மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்க்கால்கள் இருக்கின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிக்கொண்ட சளியை அவை ஓயாமல் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. காச நோய் அந்தச் சுவரை அரித்துத் தழும்பாக்கிவிட்டுப் போகிறது. குழாய் அகன்று தொளதொளத்துவிடுகிறது. தள்ள ஆளில்லாமல் சளி குட்டையாகத் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் பாக்டீரியா குடியேறுகிறது. அதைக் கொல்ல வெள்ளையணுக்கள் படையெடுக்கின்றன. அவை கக்கும் எலாஸ்டேஸ் போன்ற என்ஸைம்கள் கிருமியோடு நின்றுவிடுவதில்லை. குழாய்ச் சுவரையும் தின்கின்றன. சுவர் இன்னும் கெடுகிறது, சளி இன்னும் தேங்குகிறது. லண்டனைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் கோல் 1986ல் இதை ஒரு நச்சு வட்டம் என்று வர்ணித்தார். சளியின் பச்சை நிறம்கூடப் பெரும்பாலும் கிருமியின் நிறம் அல்ல, மடிந்த வெள்ளையணுக்களின் நிறம்.

உலகின் காச நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அவர்களில் எத்தனை பேர் இப்படி மிச்ச நோயோடு வாழ்கிறார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்காமலே காலம் ஓடியது. 2015க்கும் 2017க்கும் இடையே ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்றும் இந்திய மார்பு நோய் நிபுணர்களும் சேர்ந்து நாட்டின் 31 மையங்களில் 2,195 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். 2019ல் முடிவுகள் வந்தன. மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல், அதாவது 35.5 சதவீதம் பேருக்கு, மூல காரணம் காச நோய். ஐரோப்பிய நோயாளிகளைவிட இவர்கள் வயதில் இளையவர்கள், நோயோ கடுமை. சளியில் அதிகம் காணப்பட்ட கிருமி சூடோமோனாஸ். மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் கவனிப்பு பலருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

கிடைப்பது என்ன? இரண்டில் ஒன்று. முதலாவது, மறுபடியும் டி.பி. சிகிச்சை. பழைய தழும்பு எக்ஸ்ரேயில் தெரியும், இருமல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஏற்கனவே சிகிச்சை பெற்றவர்களுக்கென்று ஒரு எட்டு மாத மருந்துத் திட்டம் இருந்தது. முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. காதைக் கெடுக்கக்கூடிய மருந்து. அந்தத் திட்டத்தைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2017ல்தான் சொன்னது. அதற்குள் எத்தனை பேர் இல்லாத நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டார்களோ. மரபணுவைத் தேடும் நவீன பரிசோதனை வந்த பிறகும் குழப்பம் முற்றிலும் தீரவில்லை. செத்த கிருமியின் மிச்சத்தையும் அது ‘இருக்கிறது’ என்று காட்டிவிடலாம்.

இரண்டாவது, மருந்துக் கடை. “பாய் சாஹப், போன தடவை கொடுத்தீர்களே, அந்த மாத்திரை மூன்று நாளைக்கு.” கேட்டால் கிடைக்கிறது. லீவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளை விற்கும்போது நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதோடு பல ஊர்களில் விஷயம் முடிந்துவிடுகிறது.

மூன்று நாள் மாத்திரை எதற்கும் உதவாது. இந்த நோயில் தொற்று முற்றினால் பொதுவாகப் பதினான்கு நாள் மருந்து. அதிலும் சூடோமோனாஸ் பொல்லாத கிருமி. கொழகொழப்பான ஒரு போர்வையை நெய்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். வாய்வழி கொடுக்க சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் என்று ஒரே குடும்பத்து மருந்துகள்தான் இருக்கின்றன. அரைகுறையாகத் தின்று அவற்றுக்கும் பழகிவிட்டால் மிச்சம் ஊசிதான். நரம்பில் இரண்டு வாரம் ஊசி என்றால், தினக்கூலிக்கு இரண்டு வாரச் சம்பளம் போயிற்று என்று அர்த்தம். இதே மருந்துக் குடும்பம் காச நோயையும் ஓரளவு அடக்கும். உண்மையிலேயே டி.பி. திரும்பியிருந்தால் அதைச் சில வாரம் மறைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

வரிசையில் பையோடு நிற்பவர்கள் எல்லோருமே பழைய டி.பி.காரர்கள் அல்ல. வறட்டியும் விறகும் வைத்து முப்பது வருடம் அடுப்பூதிய பெண்கள் இருக்கிறார்கள், பீடிக்காரர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகள் இந்தியாவில் 2016ல் ஐந்தரைக் கோடி என்று ஒரு மதிப்பீடு. அவர்களையும் பாக்டீரியா வருடா வருடம் தேடி வருகிறது. ஒவ்வொரு முறையும் நுரையீரலின் பலத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

செய்ய வேண்டியவை பல நேரம் மலிவானவை. எக்ஸ்ரே இந்த நோயைத் தவறவிடும் என்பதால் ஒரு முறை ஸ்கேன். பிறகு சளியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை. இரண்டு, மூன்று நாளில் கிருமியின் பெயரும் அதற்கு மசியும் மருந்தும் தெரிந்துவிடும். ஆனால் சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எதுவும் தெரியாது. காலையில் ஆழமாக இருமி எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

அதேபோல் சளியை வெளியேற்றும் பயிற்சி. எந்தப் பக்கம் நுரையீரல் கெட்டிருக்கிறதோ அதற்கேற்பச் சாய்ந்து படுத்து, மூச்சை ஆழ இழுத்து, வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதுவது. தினமும் இரண்டு வேளை, பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரத்தில் கற்றுத் தரலாம். ரத்தம் வரும் நாட்களில் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இதை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. சீட்டில் இது எழுதப்படாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு அஸித்ரோமைசினை வாரம் மூன்று நாள், மாதக் கணக்கில் கொடுத்தால் தொற்றுகள் குறைகின்றன என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2012ல் காட்டியது. அதற்கு முன் டி.பி.யின் சகோதரக் கிருமிகள் சளியில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். காதையும் இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2019ல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் இதே அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். சாதாரண ஜலதோஷத்துக்கெல்லாம் வாரி வழங்கப்படும் மருந்து அது.

ப்ராங்கியெக்டேஸிஸுக்கென்றே உருவான முதல் மருந்து, பிரென்ஸோகேடிப், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெள்ளையணுவின் என்ஸைம்களைக் கட்டுப்படுத்தி வட்டத்தை நடுவில் அறுப்பது அதன் வேலை. அங்கே அதன் விலை வருடத்துக்கு சுமார் 88,000 டாலர். பிளாஸ்டிக் பை வரிசைக்கு அது தற்போதைக்குச் செய்திதான்.

காச நோய்த் திட்ட விதிகளின்படி, சிகிச்சை முடிந்தவரை இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழைத்துப் பார்க்க வேண்டும். நோக்கம், டி.பி. திரும்பியிருக்கிறதா என்று அறிவது. அழைப்பு வந்து, போய், இருமலும் சளியும் இருப்பதாகச் சொன்னால் டப்பாவில் சளி கேட்பார்கள். ‘கிருமி இல்லை’ என்று பதில் வரும். எந்தக் கிருமி இல்லை என்று சீட்டில் இருக்காது. அந்தச் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வருகிறார். மருத்துவமனை வாசலுக்கு எதிரே மருந்துக் கடை திறந்திருக்கிறது.