பாதுகாப்பின் பெயரால்

திருவேட்டக்குடி என்றதும் சம்பந்தர் பாடிய தலம் நம் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கோ அங்குள்ள என்.ஐ.டி. அவ்வூரில் சர்க்கரை நோயால் பார்வையிழந்த ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். புதிய சர்க்கரை மருந்தொன்றின் சோதனை புதுச்சேரியில் நடக்கிறது. அதில் சேர அவர் விரும்பினால் பக்கம் பக்கமாய் அச்சிட்ட ஒப்புதல் படிவம் எதிரே நிற்கும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனப் பேருந்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் துணையோடு சென்றுவர வேண்டும். (துணைக்கு வருபவரின் அன்றைய கூலியை யார் தருவார்?) ஆய்வாளர் வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், தகுதி விதிகளில் ஒரு வரி போதும். ஆனால் மருந்து கடைக்கு வந்தபின் அதே மனிதருக்கும் அதையேதான் எழுதித் தருவார்கள்.

இத்தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு உண்டு. நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில், அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1950களிலிருந்து ஆய்வுக்காகவே மஞ்சள் காமாலைக் கிருமியைச் செலுத்தினார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறாம் பிரிவில், இத்தகைய ஆய்வுக்கு இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறது: அவரவர்க்கு அணுகக்கூடிய முறையில் பெற்ற ஒப்புதல், பாதி உறுப்பினர்களேனும் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களது பதிவுபெற்ற சங்கத்தினராகவோ உள்ள ஒரு குழுவின் முன்னனுமதி. இரண்டும் நல்லவையே. இரண்டாவதைச் சுமையாகக் கருதி, முதலாவதைப் பற்றி நினைக்காமலேயே ஆட்களை விலக்கிவிடுவது எளிது என்பதே நம் அச்சம். அச்சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் தலசீமியாவும் ஹீமோபீலியாவும் அடங்கும் என்பதை நினைத்தால் இது சிறிய கூட்டத்தின் சிக்கலன்று.

விலக்குவதன் விளைவுக்கு ஓர் உதாரணம். டவுன் நோய்க்குறி உடையோருக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் அல்சைமர் மற்றவர்களைவிட இளவயதிலேயே தாக்குகிறது. ஆயினும் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகனமாப் மருந்தின் முதன்மைச் சோதனையில் அவர்கள் இல்லை. எவருக்கு மிகத் தேவையோ, அவருடலில் அது என்ன செய்யும் என்பதற்கு அச்சோதனையில் விடையில்லை.

2024இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம், சேர்ப்பதன் தீங்கோடு சேர்க்காமையின் தீங்கையும் எடைபோடச் சொல்கிறது. நாம் கேட்பதும் அதுதான்: ஒருவரை விலக்கினால் காரணத்தை நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் தரட்டும். படிவம் பிரெயிலிலும் ஒலியிலும் சைகைமொழியிலும் கிடைக்கட்டும். காரைக்காலில் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி 2016 முதல் இயங்குகிறது. இரத்தம் எடுக்கவும் எடை பார்க்கவும் திருவேட்டக்குடிக்காரரைப் புதுச்சேரி வரை இழுக்க வேண்டியதில்லை.